‘204 இன்னும் மூணு நாள் கீறாங்களாம்’: இதைக் கேட்டு ஆப் தானாக வேலை செய்யுமா?

கேள்வி சுருக்கமாக இது. வேலூரில் மருத்துவமனைப் பக்கம் இரண்டு லாட்ஜ் நடத்துகிறவர் கேட்கிறார். அறைக் கணக்குக்கு ஓர் ஆப் வைத்திருக்கிறார். ரிசப்ஷனில் இருப்பவருக்கு அது பழகிவிட்டது. மாடியில் வேலை பார்க்கும் பையன்கள் மட்டும் அதைத் திறப்பதே இல்லை. வாட்ஸ்அப் குழுவில் “204 இன்னும் மூணு நாள் கீறாங்களாம்”, “110 பாத்ரூம்ல தண்ணி வர்லண்ணா” என்று குரல் பதிவு போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அதையெல்லாம் கேட்டு ஆப்பில் ஏற்றுவதற்கே ஓர் ஆள் தேவைப்படுகிறது. இந்த வேலையை ஏஐ மொழி மாடலிடம், அதாவது சாட்ஜிபிடி போல எழுத்தைப் படித்துப் பதில் எழுதும் நிரலிடம், கொடுக்க முடியுமா என்பது கேள்வி. ஆப் எழுதிக் கொடுத்த இளைஞர், “ஈஸி சார், டேட்டாபேஸையே அதுங்கிட்ட கொடுத்துடலாம்” என்கிறாராம். கணக்குப் பார்க்கும் மாமா, “அது உளறும், நம்ம பணம் போகும்” என்கிறாராம்.

கொடுக்கலாம். இளைஞர் சொல்லும் வழியில் மட்டும் வேண்டாம். மாமாவின் பயம் நியாயமானது. அதற்காக மாடலையே ஒதுக்க வேண்டியதில்லை. அதன் கை எதுவரை நீளலாம் என்பதை நீங்கள் முடிவு செய்தால் போதும்.

சார் பதிவாளர் அலுவலகத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தரை நினைத்துக்கொள்ளுங்கள். “எங்க சித்தப்பா நிலம், கிணத்துப் பக்கம் அரை ஏக்கர், தம்பி பேருக்கு எழுதணும்” என்று நீங்கள் கதையாகச் சொல்வீர்கள். அவர் அதை சர்வே எண், நான்கு எல்லை, கொடுப்பவர், பெறுபவர் என்று அந்தந்த இடத்தில் எழுதித் தருவார். அத்தோடு அவர் வேலை முடிந்தது. சரிபார்ப்பதும் பதிவதும் உள்ளே நாற்காலியில் இருப்பவர் பாடு. உங்கள் லாட்ஜில் மாடல் பத்திர எழுத்தர், ஆப் பதிவாளர். நான் கீழே சொல்லப்போவது எல்லாமே இந்த இரண்டு பேரின் வேலையும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது பற்றித்தான்.

பையனின் குரல் பதிவு எழுத்தாக மாறி மாடலுக்குப் போனதும் அது திருப்பித் தர வேண்டியது இவ்வளவுதான்:

கட்டளை: தங்கல் நீட்டிப்பு
அறை: 204
கூடுதல் நாள்: 3

வணக்கம், நன்றி, விளக்கம் ஒன்றும் கிடையாது. வெறும் படிவம். ஜேசன் என்று உங்கள் இளைஞர் சொல்வது இப்படிப்பட்ட படிவத்தைத்தான். இதை வாங்கி அறைக் கணக்கில் மாற்றம் செய்வது ஆப்பின் பழைய நிரல். அதற்கும் மாடலுக்கும் சம்பந்தமே இல்லை.

மனிதர் பேச்சைக் கட்டளையாக மாற்றும் ஆசை பழையது. 1970 வாக்கிலேயே அமெரிக்காவின் எம்ஐடியில் டெர்ரி வினோகிராட் எழுதிய ஷ்ருட்லு என்ற நிரல், “சிவப்புக் கட்டையை எடு” என்பது போன்ற வாக்கியங்களைப் புரிந்துகொண்டு திரையில் கட்டைகளை நகர்த்தியது. அதன் உலகம் அந்த மேசையும் கட்டைகளும்தான். 1990-களின் தொடக்கத்தில் விமானப் பயணத் தகவல் கேட்கும் வாக்கியங்களைச் சேர்த்து ஏடிஸ் என்ற தொகுப்பு உருவானது. ‘இவர் என்ன செய்யச் சொல்கிறார்’ என்பதைத் தனியாகவும், ‘எந்த ஊர், எந்த நாள்’ என்பதைத் தனியாகவும் பிரித்தெடுக்கும் முறை அந்தத் தொகுப்பை வைத்துத்தான் பழகியது. பின்னால் வந்த குரல் உதவிகளும் பல காலம் அந்த வழியில்தான் ஓடின. அதில் பெரிய தொல்லை, ஒவ்வொரு கட்டளைக்கும் மாதிரி வாக்கியங்களைச் சேகரித்துப் பழக்க வேண்டும். “காலி பண்ணிட்டாங்க” என்று பழக்கியதற்கு “காலி பண்ணிகினாங்க” புரியாது. வேலூர் லாட்ஜுக்காக யார் உட்கார்ந்து அத்தனை வாக்கியம் சேர்ப்பார்கள்?

பெரிய மொழி மாடல்கள் அந்தத் தொல்லையைத்தான் தீர்த்தன. கட்டளையின் பெயர், அது எதற்கு, அதில் என்னென்ன கட்டங்கள் என்று சில வரி எழுதிக் கொடுத்தால் போதும். மாதிரி வாக்கியம் இல்லாமலே பெரும்பாலும் சரியாக நிரப்பும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ 2023 ஜூனில் இதற்கென்றே தனி வசதியைக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் தொடர்ந்தன. ஆனாலும் ஆரம்பத்தில் மாடல் சில நேரம் படிவத்தையே கோணலாக எழுதும். ஒரு கட்டத்தை விட்டுவிடும், இல்லாத கட்டத்தைச் சேர்த்துவிடும். 2024 ஆகஸ்டில் அதே நிறுவனம் படிவ அமைப்பைக் கட்டாயமாக்கும் முறையை வெளியிட்டது. சிக்கலான படிவங்களை வைத்து அவர்கள் செய்த சோதனையில் 2023-இன் மாடல் 40 சதவீதத்துக்கும் குறைவாகவே தேறியது, புதிய முறையோடு வந்த மாடல் 100 எடுத்தது என்று அவர்களே சொன்னார்கள்.

அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அதை எங்கே நம்பலாம் என்பதும் தெரியும். மாடல் ஒரே மூச்சில் எழுதுவதில்லை. துண்டு துண்டாக, அடுத்து எது வரலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்ப்புக் கணக்குப் போட்டு எழுதுகிறது. கட்டாய முறையில், படிவத்துக்குப் பொருந்தாத துண்டுகளின் வாய்ப்பை ஒவ்வொரு அடியிலும் பூஜ்யமாக்கிவிடுகிறார்கள். எண் வரவேண்டிய கட்டத்தில் எழுத்து வரவே முடியாது. ‘கட்டளை’ என்ற கட்டத்தில் நீங்கள் கொடுத்த பட்டியலில் இல்லாத பெயர் வரவே முடியாது. சொந்தக் கணினியில் மாடல் ஓட்டுகிறவர்களுக்கும் லாமா சிபிபி போன்ற இலவச மென்பொருளில் இதே வசதி உண்டு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. படிவத்தின் வடிவம் சரியாக இருப்பதும் உள்ளே எழுதியது உண்மையாக இருப்பதும் வேறு வேறு. பையன் 204 என்று சொல்ல மாடல் 240 என்று எழுதினால் வடிவத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ‘100 சதவீதம்’ என்று விளம்பரத்தில் பார்த்துவிட்டு இளைஞர் துள்ளினால், அந்த நூறு வடிவத்துக்கு வாங்கிய நூறு என்று சொல்லுங்கள்.

அடுத்து, கட்டளைப் பட்டியல். இந்த முழு வேலையில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். எந்த மாடல், எந்த நிறுவனம் என்ற விவாதமெல்லாம் பிறகு பார்க்கலாம்.

டேட்டாபேஸையே கொடுத்துவிடலாம் என்றால் என்ன பொருள்? மாடலே எஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மொழியில் கட்டளை எழுதி, அதுவே ஓட்டும். அப்படிக் கொடுத்தால் அதனால் செய்ய முடியாதது எதுவும் இருக்காது. ஓர் அறையின் நாளை நீட்டவும் முடியும், எல்லா அறைக் கணக்கையும் அழிக்கவும் முடியும். 2025 ஜூலையில் ரெப்ளிட் என்ற நிறுவனத்தின் நிரல் எழுதும் ஏஐ, எதையும் மாற்றக்கூடாது என்று வாடிக்கையாளர் சொல்லி வைத்திருந்த நேரத்திலேயே அவருடைய நடப்பு டேட்டாபேஸை அழித்துவிட்டது. நிறுவனத் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ‘அழிக்காதே’ என்று மாடலிடம் சொல்லி வைப்பது பூட்டு ஆகாது. அழிக்கும் கட்டளையே பட்டியலில் இல்லாமல் இருப்பதுதான் பூட்டு.

ஆகவே உங்கள் தொழிலின் வார்த்தைகளில், விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் கட்டளைகளை வைத்துக்கொள்ளுங்கள். தங்கல் நீட்டிப்பு. அறை காலி. அறை மாற்றம். பழுது அறிவிப்பு. பெட்ஷீட், தண்ணீர் கேன் போன்ற கோரிக்கை. எந்த அறை காலி என்று பார்ப்பது. உங்கள் பையன்கள் போடும் குரல் பதிவுகளில் மிகப் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதும்போது எப்போது பயன்படுத்த வேண்டும் என்பதோடு எப்போது கூடாது என்பதையும் எழுத வேண்டும். “கீசர் வேலை செய்யல, ரூம் மாத்திக் கொடுங்கன்றாங்க” என்றால் அது பழுது அறிவிப்பா, அறை மாற்றமா? இரண்டும்தான். இரண்டு படிவம் வரலாம் என்று சொல்லி வைத்தால் மாடல் இரண்டும் நிரப்பித் தரும். சொல்லாவிட்டால் தனக்குப் பட்டதை எடுத்துக்கொள்ளும்.

பட்டியலில் இன்னும் இரண்டு கட்டளைகள் கட்டாயம் வேண்டும், இவற்றைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்: ‘திருப்பிக் கேள்’, ‘இது என் வேலை இல்லை’. பட்டியலில் இருப்பதில் ஒன்றைத்தான் தரவேண்டும் என்று மாடலைக் கட்டிப்போட்டுவிட்டோம் அல்லவா? பையன் தெரியாமல் குழுவில் “மச்சி, சாயந்திரம் கோட்டை மைதானத்துக்கு வரியா” என்று போட்டால், அதற்கும் அது ஏதோ ஒரு படிவத்தை நிரப்பித்தான் ஆக வேண்டும். தப்பிக்க ஒரு கதவு திறந்திருந்தால் அந்த வழியாகப் போய்விடும்.

கட்டங்களிலும் இதே கதை. ‘காலி செய்யும் தேதி’ என்ற கட்டத்தைக் கட்டாயம் என்று குறித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். பையன் “பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததும் போயிடுவாங்களாம்” என்கிறான். அதில் தேதியே கிடையாது. கட்டம் கட்டாயம் என்பதால் மாடல் ஒரு தேதியைப் போட்டுவிடும், பார்ப்பதற்கு நம்பும்படியாகவே போடும். மாமா ‘உளறும்’ என்று சொல்வதில் கணிசமான பங்கு இப்படி நாமே தூண்டிவிடுவதுதான். தெரியாவிட்டால் காலியாக விடலாம் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் அனுமதி கொடுங்கள். காலியாக வந்தால் என்ன செய்வது என்று ஆப் முடிவு செய்யட்டும். மருத்துவமனையை நம்பி நடக்கும் லாட்ஜில் தேதி தெரியாத விருந்தினர்தான் வழக்கம். இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தேதி என்றதும் இன்னொன்று. இன்று என்ன தேதி, என்ன கிழமை என்று மாடலுக்குத் தானாகத் தெரியாது. ஒவ்வொரு முறையும் ஆப் அதைச் சேர்த்து அனுப்ப வேண்டும். அப்படியும் கணக்கை அதனிடம் விடாதீர்கள். ‘வெள்ளி வரை’ என்றால் ‘வெள்ளி’ என்றே வாங்கிக்கொண்டு தேதியை ஆப் கண்டுபிடிக்கட்டும். வாடகை, பாக்கி, ஜிஎஸ்டி எதையும் மாடல் கூட்டிக் கழிக்கக் கூடாது. கூட்டல் தெரிந்த நிரல் பக்கத்திலேயே இருக்கும்போது எதற்கு வம்பு?

‘இன்னும் மூணு நாள்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். இன்றிலிருந்து மூன்று நாளா, ஏற்கெனவே பதிந்த கடைசி நாளிலிருந்து மூன்று நாளா? மனிதர்களே இதில் சண்டை போடுகிறார்கள். மாடலின் புத்தியைக் குறை சொல்லிப் பயனில்லை; லாட்ஜுக்கு ஒரு விதி வேண்டும். ஒன்றை முடிவு செய்து ஆப்பில் எழுதிவிடுங்கள். அதைவிட முக்கியம், ஆப் கணக்குப் போட்டுக் கிடைத்த முடிவு தேதியைத்தான் கணக்கில் பதிய வேண்டும். மாடிப்படியில் சிக்னல் விட்டு விட்டு வருவதால் ஒரே பதிவு இரண்டு முறை வந்து சேரும். அல்லது இரண்டு பையன்கள் ஒரே தகவலைச் சொல்வார்கள். ‘மூன்று நாள் கூட்டு’ என்ற கட்டளை இரண்டு முறை ஓடினால் ஆறு நாள் ஆகிவிடும். ‘15-ஆம் தேதி வரை’ என்பது எத்தனை முறை ஓடினாலும் 15-ஆம் தேதிதான்.

படிவம் வந்த பிறகு ஆப் பார்க்க வேண்டியவை: 204 என்ற அறை இருக்கிறதா, அதில் இப்போது ஆள் இருக்கிறார்களா, நீட்டிக்கும் நாட்களில் வேறு யாருக்காவது முன்பதிவு இருக்கிறதா, இந்தப் பையனுக்கு இதைச் செய்ய அனுமதி உண்டா. ஒன்று தவறினாலும் நிறுத்திவிட்டு ரிசப்ஷனுக்குச் சொல்ல வேண்டும். இதெல்லாம் எந்த ஏஐயும் இல்லாமல் எழுதும் சாதாரண நிரல். ஆனால் மாமாவின் தூக்கம் இதில்தான் இருக்கிறது. மேலே சொன்ன 240 இங்கேதான் மாட்டும். அப்படி ஓர் அறையே இல்லாவிட்டால் உடனே, இருந்து பூட்டிக் கிடந்தால் அடுத்த கேள்வியில். 203-இல் ஆள் இருந்து, 204 என்பது 203 ஆகியிருந்தால்தான் சிக்கல். அதைச் சோதனை பிடிக்காது, மனிதக் கண்தான் பிடிக்கும்.

அதற்குத்தான் திருப்பிச் சொல்லி உறுதி கேட்பது. “அறை 204, ராஞ்சி குடும்பம், 15-ஆம் தேதி வரை நீட்டிக்கவா?” என்று ஒரு வரியும் ‘சரி’, ‘இல்லை’ என்று இரண்டு பொத்தானும் போதும். அறை எண்ணோடு அங்கே தங்கியிருப்பவர் யார் என்பதும் வந்தால் பையனுக்குத் தவறு கண்ணில் படும். இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. இந்த வரியை மாடலை எழுதச் சொல்லக் கூடாது. பையன் பேசியதைப் பார்த்து மாடல் எழுதினால், “204-ஐ நீட்டிக்கிறேன்” என்று அழகாக எழுதிவிட்டுப் படிவத்தில் 203 என்று போட்டிருக்கும். பையனும் சரி என்று அழுத்திவிடுவான். நிரப்பி முடித்த படிவத்திலிருந்து, எது உண்மையில் நடக்கப்போகிறதோ அதிலிருந்து, ஆப்தான் அந்த வரியைக் கோக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ‘சரியா, சரியா’ என்று கேட்டால் நாலு நாளில் பையன்கள் படிக்காமலே அழுத்தப் பழகிவிடுவார்கள். அதனால் வெறும் பார்வைக் கட்டளைகளுக்குக் கேட்காதீர்கள். பழுது அறிவிப்பு, பெட்ஷீட் போன்றவற்றை நேராகப் பதிந்துவிட்டு, ரத்து செய்ய ஒரு பொத்தான் கொடுங்கள். தங்கல் நீட்டிப்புக்கும் அறை காலிக்கும் உறுதி கேளுங்கள். அட்வான்ஸ் திருப்புவது, பில் குறைப்பது போன்ற பணக் கட்டளைகள் இந்தப் பட்டியலிலேயே இருக்க வேண்டாம். அது ரிசப்ஷனில், ஆள் பார்த்து, கையால்.

இனி மொழி. சென்னையில் இதைச் செய்கிறவருக்கு இல்லாத தலைவலியும் வசதியும் வேலூரில் உண்டு. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சிஎம்சி மருத்துவமனை இன்று வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், பங்களாதேஷ் வரை ஆட்களை இழுத்து வருகிறது. காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் பெயர்ப் பலகைகளைப் பார்த்தாலே தெரியும். லாட்ஜ் பையன்கள் வங்காளத்திலும் இந்தியிலும் வெளுத்து வாங்குவார்கள். ஆம்பூர்ப் பக்கத்துப் பையன் என்றால் வீட்டில் தக்கனி உருது. குடியாத்தத்துக்கு அந்தப் பக்கம் என்றால் தெலுங்கு. சித்தூரே 1911 வரை வட ஆர்க்காட்டு மாவட்டத்தில்தானே இருந்தது. ஒரே குரல் பதிவில் இதெல்லாம் கலந்து வரும்.

எழுத்தாக வந்துவிட்டால் இன்றைய பெரிய மாடல்கள் இந்தக் கலவையைப் பார்த்து மிரளுவதில்லை. “கீறாங்க” புரியும், ஆங்கில எழுத்தில் அடித்த தமிழும் புரியும். முதலில் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்து, அப்புறம் கட்டளையாக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு இடத்தில் பிழை நுழைய வழி செய்கிறீர்கள், அவ்வளவுதான். நேராகவே கொடுக்கலாம். தமிழில் அனுப்பினால் செலவு அதிகம் என்று முன்பு சொன்னதில் உண்மை இருந்தது. மாடல்கள் எழுத்தை டோக்கன் என்ற துண்டுகளாக எண்ணித்தான் கட்டணம் போடுகின்றன, தமிழ்ச் சொற்கள் பொடிப்பொடியாக உடைந்துகொண்டிருந்தன. 2024 மேயில் ஜிபிடி-4ஓ என்ற மாடல் வந்தபோது ஓப்பன்ஏஐ கொடுத்த எடுத்துக்காட்டில், முன்பு 116 துண்டாக உடைந்த தமிழ் வாசகம் 35 துண்டானது. ஒரு வரிக் குரல் பதிவுக்கு இது பொருட்டே இல்லை.

சிக்கல் இருப்பது அதற்கு முந்தைய படியில், குரலை எழுத்தாக்கும் இடத்தில். 2022-இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் என்ற குரல் மாடல் தமிழும் அறியும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கென்றே குரல் மாடல்களை வெளியிட்டிருக்கிறது. மத்திய அரசின் பாஷினி என்ற மொழித் திட்டமும் இருக்கிறது. எதை எடுத்தாலும் மின்விசிறிச் சத்தம், வராந்தா எதிரொலி, அவசரப் பேச்சு ஆகியவற்றில் முதலில் அடிபடுவது எண்கள்தான். ஒருவன் “இருநூத்தி நாலு” என்பான், இன்னொருவன் “டூ நாட் ஃபோர்” என்பான், மூன்றாமவன் “தோ சௌ சார்” என்பான். எழுத்தாகும்போது 20, 4 என்று பிரிந்து வரலாம். இதற்கு எளிய வைத்தியம் உண்டு. இந்த நேரத்தில் ஆள் இருக்கும் அறைகளின் எண்களை மாடலுக்குக் கொடுத்து, அறைக் கட்டத்தில் அந்த எண்களில் ஒன்றைத்தான் எழுதலாம், இல்லாவிட்டால் காலியாக விடலாம் என்று கட்டிவிடுங்கள். பேசுகிறவன் எந்த மாடிப் பையன் என்று தெரிந்தால் அதையும் கொடுங்கள். “அந்த மூலை ரூம் பெங்காலி அம்மா” என்று அவன் சொன்னால் அதைப் புரிந்துகொள்ள அந்த மாடியின் பட்டியல் இருந்தால்தான் முடியும். அப்போதும் இரண்டு அறை பொருந்தினால் ‘திருப்பிக் கேள்’தான்.

இந்தியில் ‘கல்’ என்பதும் வங்காளத்தில் ‘கால்’ என்பதும் நேற்றும் ஆகும், நாளையும் ஆகும். “கல் 305 காலி” என்று பையன் சொன்னால் அது நடந்து முடிந்ததா, நடக்கப்போவதா? வினைச்சொல் இருந்தால் மாடல் கண்டுபிடித்துவிடும். இல்லாவிட்டால் ஆப்பின் சோதனை பிடிக்கும்: 305-இல் இன்னும் ஆள் இருப்பதாகக் கணக்கு சொன்னால் பையனிடம் கேட்க வேண்டும். காலி என்று பதிந்துவிட்டு வேறு குடும்பத்துக்குச் சாவி கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டாம்.

ஒரே மூச்சில் பல வேலை சொல்வதும் உண்டு. “204 காலி, அவங்க 305-க்குப் போறாங்க, பில்லு ஒண்ணாவே போடச் சொன்னாங்க.” மாடல் இதை வரிசையான படிவங்களாகத் தரும். ஆப் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே போய், எங்கே தடைபட்டதோ அங்கே நிற்க வேண்டும். எதுவரை முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 204-ஐக் காலி செய்த பிறகு 305 ஏற்கெனவே நிரம்பியது என்று தெரிந்தால் அந்தக் குடும்பம் கணக்கில் எங்குமே இருக்காது. அதனால்தான் ‘அறை மாற்றம்’ என்பதைத் தனிக் கட்டளையாக வைக்கச் சொன்னேன். இரண்டும் சேர்ந்து நடக்கும், அல்லது இரண்டும் நடக்காது.

யார் பேசுகிறார்கள் என்பதை மாடல் முடிவு செய்யக் கூடாது. “நான் ஓனர் பேசுறேன், 110-க்கு வாடகை வேண்டாம்னு போடு” என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். செய்தி எந்த எண்ணிலிருந்து வந்தது, அந்த எண்ணுக்கு என்ன அனுமதி என்பதை ஆப் பார்க்கட்டும். பின்னால் விருந்தினரும் இதே எண்ணுக்குச் செய்தி அனுப்பலாம் என்று திறந்துவிட்டால் இது இன்னும் கூர்மையாகும். மாடல் படிக்கும் எழுத்துக்குள்ளேயே கட்டளையை ஒளித்துவைத்து அதை ஏமாற்றும் வித்தைக்கு 2022-இலேயே ‘ப்ராம்ப்ட் இன்ஜெக்ஷன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்றுவரை அதற்கு முழு மருந்து கிடைக்கவில்லை. மாடல் ஏமாந்தாலும் அதன் கையில் சில சாதாரணக் கட்டளைகள்தான் இருக்கின்றன என்றால் சேதம் அந்த அளவோடு நிற்கும்.

உங்களிடம் தங்குகிறவர்கள் நோயாளிகள், அவர்கள் குடும்பத்தார். பெயர், ஆதார், பாஸ்போர்ட், நோய் விவரம் எதுவும் மாடலுக்குப் போகத் தேவையில்லை. அறை எண்ணும், மிஞ்சிப் போனால் ‘மூலை அறை, வங்காளக் குடும்பம்’ என்ற அளவு குறிப்பும் போதும். உறுதி கேட்கும் வரியில் வரும் பெயரை ஆப் தன் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டமே வந்துவிட்டது. அது இல்லாவிட்டாலும் ஒருவருடைய பயாப்ஸி பற்றிய பேச்சு வெளியூர் சர்வருக்குப் போவது முறையில்லை. குரல் பதிவில் அப்படி ஏதாவது வந்தால் கட்டளை முடிந்ததும் அழித்துவிடச் சொல்லுங்கள்.

இது சரியாக ஓடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உங்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே பொக்கிஷம் கிடக்கிறது. பழைய குரல் பதிவுகளில் ஒரு நூறு, நூற்றைம்பதை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சரியான படிவம் எது என்று ரிசப்ஷன் ஆளை வைத்து எழுதி வாங்குங்கள். பெயரும் நோய் விவரமும் உள்ளவற்றைத் தவிர்த்துவிடுங்கள். மாடலை மாற்றினாலும், விளக்கத்தில் ஒரு வரி திருத்தினாலும், அத்தனையையும் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓர் இடத்தைச் சரி செய்யப் போய் வேறோர் இடம் கெடுவது இந்தத் தொழிலில் சாதாரணம். மதிப்பெண் போடும்போது ‘தவறாகச் செய்தது’ வேறு, ‘திருப்பிக் கேட்டது’ வேறு என்று பிரித்து எழுதுங்கள். பத்தில் இரண்டு முறை திருப்பிக் கேட்கும் ஆப் எரிச்சலூட்டும். நூற்றில் இரண்டு முறை தவறான அறையைக் காலி செய்யும் ஆப் உங்களைக் காவல் நிலையத்தில் உட்கார வைக்கும். இளைஞர் இரண்டையும் கூட்டி ‘துல்லியம் இத்தனை சதவீதம்’ என்று ஒரே எண்ணாகச் சொன்னால் ஏற்காதீர்கள்.

எல்லாவற்றையும் பேச்சாக மாற்ற வேண்டியதும் இல்லை. புதிதாக வருகிறவரைப் பதிவதற்கு ரிசப்ஷனில் இருக்கும் படிவமே வேகமானது. பாஸ்போர்ட் எண்ணை வாயால் சொல்லி, அது சரியா என்று திருப்பிக் கேட்டு, அப்புறம் திருத்துவதைவிடத் தட்டச்சு செய்வது எவ்வளவோ மேல். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் பதிய வேண்டிய பொறுப்பு உங்களுடையது. அதில் எழுத்துப் பிழைக்கு இடமே இல்லை. பேச்சு உதவுவது ஒரு கையில் பெட்ஷீட்டும் ஒரு கையில் போனுமாக மூன்றாவது மாடியில் நிற்கிறவனுக்கு.

சொந்தக் கணினியில் சிறிய மாடலை ஓட்டலாமா என்று இளைஞர் கேட்பார். ஓட்டலாம், ஆனால் சிறிய மாடல்களின் தமிழ் இன்னும் தடுமாறுகிறது, வட ஆர்க்காட்டுப் பேச்சு இன்னும் மோசம். நீங்கள் சேர்த்து வைத்த அந்தக் குரல் பதிவுகளை அதில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

தொடங்கும்போது ‘பழுது அறிவிப்பு’, ‘எந்த அறை காலி’ இரண்டை மட்டும் திறந்துவிடுங்கள். இரண்டிலும் தவறு நடந்தால் ஒரு பிளம்பர் வீணாக ஒரு மாடி ஏறுவார், அவ்வளவுதான். மற்ற கட்டளைகளை ஒரு மாதம் ஊமையாக ஓடவிடுங்கள்: மாடல் படிவத்தை நிரப்பட்டும், ஆப் எதையும் செய்ய வேண்டாம், ரிசப்ஷன் ஆள் வழக்கம்போலக் கையால் ஏற்றட்டும். மாத முடிவில் அவர் ஏற்றியதையும் மாடல் நிரப்பியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தத் தாளை மாமாவிடம் கொடுத்து, எந்தக் கட்டளையைத் திறக்கலாம் என்று அவரையே கேளுங்கள்.